வீட்டில் படித்த மகள்

என் மகள், பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடமும் பாஸ் என்ற செய்தி வந்தபோது நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் எனக்குப் பல வருடமாக அதுதான் வேலை. தோளில் ஒரு குழந்தை அப்போதுதான் கண் சொருகியிருந்தது. மகள் நாங்கள் குடியிருக்கிற வரிசைவீட்டு லயத்திலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, பாஸ்" என்றாள். அப்புறம், "ஆனா கெம்பஸ் கிடைக்காது" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லத் தேவையில்லம்மா. இந்த ரிசல்ட்டுக்குக் கிடைக்காது. வெட்டுப்புள்ளி அவ்வளவு கீழ இறங்காது."

குழந்தை எழுந்துவிடும் என்று நான் மெதுவாகத்தான் பேசினேன். சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னாள்.

அவள் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். முதல் வலிப்பு காலைக் கூட்டத்தில் வந்தது. வெயிலில் நின்ற மயக்கம் என்று நினைத்தார்கள். அடுத்தது வகுப்பறையில் வந்தது. அதற்கடுத்தது படிக்கட்டில். அன்று அவள் சீருடையில் சிறுநீர் போய்விட்டது, மொத்தப் பள்ளிக்கூடமும் பார்த்தது. அதிபர் அம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"மத்தப் பிள்ளைங்க பயப்படுறாங்க. தாய் தகப்பன் வந்து என்கிட்டக் கேக்குறாங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சிருங்க. சுகமானதும் கூட்டிட்டு வாங்க."

சுகமாகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கேட்டு வரவுமில்லை.

பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து தொடங்கினார்கள். சிங்கள டாக்டர் ஒருவர். அவர் சொல்லச் சொல்ல ஒரு நர்ஸ் மிஸ் தமிழில் எங்களுக்குச் சொன்னார். மலைச்சரிவில் வேலை செய்யக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது. ஓடையில் தனியாகக் குளிக்கக் கூடாது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், "இதெல்லாம் இல்லாம நம்ம ஊருல வேற என்ன இருக்கு?" அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது.

நான் பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல். வரைக்கும் படித்தவள், அதிலும் கணக்கில் பெயில். இருந்தாலும் பின்னேரம் வேலை முடிந்து வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தை இரவல் வாங்குவோம். ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கு வந்தபோது எனக்கு நினைவிருந்த படிப்பு தீர்ந்துபோனது. அதற்கு மேல் அவளே படித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், விழுந்தால் தலையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. போனில் பாடங்கள் கிடைக்கும் என்று கண்டுபிடித்தது அவள்தான். எங்கள் லயத்துக்குள் போன் பேசலாமே தவிர, பாடம் இறக்கச் சிக்னல் நிற்காது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் அங்கே ஏறிப்போவோம். அவள் பாடங்களை இறக்கி முடிக்கிறவரை நான் அவளுடைய சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஓ.எல். தனியாக விண்ணப்பித்து எழுதினாள். நன்றாகவே எழுதினாள். ஏ.எல். பரீட்சை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பரீட்சை முடிகிற வரைக்கும் அவளுடைய அப்பா ஒவ்வொரு நாளும் வாசலுக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாடத்தன்று பாதியில் வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையில் தூக்கிக் கிடத்தியிருக்கிறார்கள். கண் விழித்ததும் பேப்பரைக் கேட்டிருக்கிறாள். கொடுத்தார்களாம். ஆனால் நேரம் போய்விட்டது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதினேன்" என்றாள். அவளுடைய நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது.

ஆகவே, பாஸ் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. எங்கள் லயத்தில் அதற்கு முன் ஏ.எல். பாஸ் பண்ணியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பைப்படியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். அடுத்து என்ன செய்யப் போறா? முதல் வாரம் அந்தக் கேள்வி இனித்தது. பிறகு நான் பைப்படிக்குக் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"திரும்ப எழுதேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அன்னைக்கும் வலிப்பு வராதுன்னு யாரும்மா சொல்றது?"

நர்ஸ் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கார்மண்ட்டில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார வைக்க நாங்களே சம்மதிக்க மாட்டோம். டவுனில் ஒரு பாலர் பள்ளிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா அவளுடைய தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அச்சு மாதிரி இருக்கிறது என்றார். உடம்புக்கு வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். மகள் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. அறிவிக்கிறோம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என்னிடம் சொன்னாள், "அவங்களத் தப்புச் சொல்ல ஏலாதும்மா. சின்னப் பிள்ளைங்க முன்னால நான் விழுந்தா அதுங்க பயந்திரும்."

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மடுல்சீமையிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். லொறி ஓட்டுகிறவர். முதல் மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. குடிக்கிற ஆள் இல்லை என்று அக்கா சத்தியம் பண்ணினாள்.

"வருத்தத்தப் பத்தி என்ன சொல்லியிருக்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மாத்திர போட்டுக்கிட்டுத்தான இருக்கா. கல்யாணமானா எல்லாம் சரியாப் போயிரும்."

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் விழுகிற சத்தம் கேட்டு எத்தனையோ தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடியவர். தனக்குப் பிறகு அவளைத் தூக்க ஒருவன் வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். மகளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், "அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டிய நேரத்துல தெரியும்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு மாமா. எங்கள் காம்பரா கொள்ளாது என்று பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கி வாசல் இஸ்தோப்பில் போட்டிருந்தோம். மகள் என்னுடைய நீலச்சேலையைக் கட்டியிருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள், மாப்பிள்ளையைப் பார்த்து. "எனக்கு வலிப்பு இருக்கு. மருந்து எடுக்குறேன். எடுத்தாலும் இடைக்கிட வரும்."

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்க்கவில்லை, என் அக்காவைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை மட்டும் அமைதியாகக் கேட்டார், "ரொம்ப நாளா இருக்குங்களா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப இருந்தே."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "என் சம்சாரத்துக்கும் நெஞ்சுல வருத்தம் இருந்திச்சு. கட்டிக்குடுக்கையில எங்களுக்குச் சொல்லல. தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன்." அவருடைய அம்மா எழுந்துவிட்டார். அவரும் எழுந்தார். போகும்போது மகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு அங்கிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

அக்கா அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். என் வீட்டுக்காரர் மகளிடம் சொன்னார், "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட." அதற்குப் பிறகு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் என்னிடம்தான் சொல்வார்.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் டவுனில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு பட்டப்படிப்பைப் பற்றி விசாரித்து வைத்திருந்தாள். கெம்பஸ் கிடைக்காதவர்களும் சேரலாம், வீட்டிலிருந்து படிக்கலாம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் வகுப்புக்குப் போனால் போதும். என்னிடம் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "படிச்சு முடிச்சா வேல குடுப்பாங்களா?" என்றுதான்.

"தெரியாது."

"பிறகு எதுக்குப் புள்ள?"

"காலையில எந்திரிக்கிறப்ப இன்னைக்கு என்ன செய்யணும்னு தெரியணும்மா. பரீட்ச முடிஞ்சதுல இருந்து எனக்கு அது தெரியல" என்றாள்.

நான் போய் அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முதல் சனிக்கிழமை காலையில் பார்த்தால் சட்டை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு நிற்கிறார். தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலையை வேறு நாளுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. அப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும் போய்வந்தார்கள். அவள் பஸ்ஸில் முன்னால் உட்காருவாள், அவர் பின்னால். போகவர ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வகுப்பு முடிகிறவரை அவர் ரோட்டில் நிற்பார். கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "அந்த ஆளு யாரு, ஒவ்வொரு கிழமையும் நிக்கிறாரு?" என்று கேட்டாளாம். அதை மகள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு கொழுந்துக் காலம் வந்தது. மழையும் வெயிலுமாக மாறி மாறி அடித்து இலை கட்டுக்கடங்காமல் வந்தது. தொழிற்சாலையில் யாருக்கும் சனிக்கிழமை கிடைக்கவில்லை. எனக்கும் அதே கதிதான், கொழுந்து கூடினால் பிள்ளைக் காம்பராவிலும் பிள்ளைகள் கூடும். அந்த வாரம் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பா வராட்டி நான் போகவே கூடாதா?"

"ஒரு கிழமதான புள்ள."

"அடுத்த கிழமையும் கொழுந்து வரும்மா."

தனியாகவே போனாள்.

மத்தியானத்துக்கு முன் அவளுடைய நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு ஆண் குரல். "இந்தப் புள்ளட உம்மாவா? நான் பஸ் ஸ்டேண்டுக்கிட்டக் கட வச்சிருக்கேன். புள்ள விழுந்துட்டா. பயப்படாதீங்க, மூச்சு இருக்கு. கொஞ்சம் கெதியா வாங்க."

மூச்சு இருக்கிறது என்று அந்த மனிதர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். டவுன் போய்ச் சேர்கிறவரை அந்த இரண்டு சொல்லைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற சமயத்தில் வலிப்பு வந்திருக்கிறது. மிதிபலகையிலிருந்து முகம் குப்புற விழுந்து சாக்கடைக் கான் ஓரத்துச் சீமெந்தில் வாய் அடிபட்டிருக்கிறது. முன்பல் மூன்று போய்விட்டது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணித்திருக்கிறார். இன்னொருவர் குடித்திருக்கிறாள் என்றிருக்கிறார். போனில் பேசிய அந்தக் கடைக்கார முஸ்லிம் நானாவும் அவருடைய மனைவியும்தான் அவளைத் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போனபோது அந்த அம்மா தன்னுடைய சால்வையை அவளுடைய இடுப்புக்கு மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் போர்த்தினார் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மகளின் ஒரு காதில் தோடு இல்லை. அது விழுந்ததா, யாராவது கழற்றினார்களா என்று இன்றுவரை தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரிய இன்னும் நேரம் எடுத்தது. தெரிந்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உதட்டில் தையல் போட்டார்கள், ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று அவளுடைய அப்பா வேலை முடிந்து, தேயிலைத் தூசியோடு வந்து, இஸ்தோப்பிலேயே உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து என்னிடம் சொன்னார், "இவளப் போகச் சொன்னது யாரு? படிச்சது போதும். இனி இந்த வாசலத் தாண்ட வேணாம்னு சொல்லு." கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, "நாம ரெண்டு பேரும் செத்துப் போனா இவ என்ன செய்வா?" என்றார்.

மகள் பாயில் படுத்திருந்தாள். உதடு வீங்கி, வார்த்தைகள் சரியாக வரவில்லை. இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"அதுக்காகத்தாம்பா போறேன்."

அவர் எழுந்து பைப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். லயத்தில் சிலர் வந்து பார்த்தார்கள். அவளுக்கு முன்னாலேயே பேசினார்கள். பொம்பளப் புள்ளைக்கு இப்படி ஆகிப்போச்சே, இனி யாரு வருவா என்றார்கள். மகள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை காலையில் எழுந்து குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றாள். உதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "அப்பாவுக்கு இன்னைக்கும் வேலை" என்றேன். "தெரியும்" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று தனக்கு இருக்கிற வருத்தத்தைச் சொல்லியிருக்கிறாள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தானாக நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது, "அதுக்குப் பிறகு பக்கத்துல இருந்த பிள்ள எழும்பி வேற கதிரையில போய் உக்காந்துட்டா" என்றாள். "இன்னொருத்தி என்ன செய்யணும்னு திரும்பவும் கேட்டா" என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது. முதல் வருடத்தில் இரண்டு பாடம் போய்விட்டது, மறுபடி எழுத வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அதனால் தூக்கம் அதிகம், படித்தது நிற்பதில்லை என்கிறாள். வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பல் வைக்கவில்லை. பேசும்போது கை வாய்க்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் சத்தமாகச் சிரிக்கிறவள். அவளுடைய அப்பா இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, அவ்வளவுதான். முடிகிற சனிக்கிழமைகளில் குடையோடு பின்னால் போகிறார். முடியாதபோது அவள் தனியாகப் போகிறாள். அந்தக் கடைக்கார நானா அவளைக் கண்டால் கை காட்டுவாராம்.

இந்தப் படிப்பு முடிந்தால் யார் வேலை தருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதில்லை. மழை கனத்து ரோட்டில் மண் இறங்கினால் எங்கள் பக்கம் பஸ் வராது. அன்றைக்கு அவள் புத்தகத்தை விரித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பாள், முகம் வாடிப்போயிருக்கும். அந்தச் சனிக்கிழமைகளில்தான் நான் வயிறாரச் சாப்பிடுகிறேன். அவளிடம் அதைச் சொன்னதில்லை.